ஜூன் மாதத்தில் இரண்டு சிறகுப்பட்டைகளோடு ஓர் இலைக் கதிர்க்குருவி: இது எப்படி இங்கே?

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை பார்த்ததை, ஞாபகம் கலையும் முன் எழுதிவிடுகிறேன். படப் புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை.

ஜூன் மூன்றாம் வாரம். நீர் வற்றிய ஏரி, கரையில் வரிசையாக வேலமரங்கள். அதில் ஒன்றின் நடுக்கிளையில் தேன்சிட்டு அளவே இருந்த ஒரு குருவி. ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. இலைக்கு அடியில் எட்டிப் பார்க்கிறது, சிறகை வெடுக்கென்று ஒரு உதறு, அடுத்த கிளைக்குத் தாவுகிறது. முதுகு பச்சை என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் பச்சை. வயிறு அழுக்கு வெள்ளை, மஞ்சள் சாயல் எதுவும் என் கண்ணில் படவில்லை. கண்ணுக்கு மேலே நீளமான வெளிர் புருவம், பிடரி வரைக்கும் போகிறது. சிறகில் இரண்டு பட்டைகள். கீழ்ப்பட்டை அகலமாக, தெளிவாக இருந்தது. மேல்பட்டை அழிரப்பரால் தேய்த்த மாதிரி மங்கல். முதுகை ஒட்டி மடியும் உள்சிறகுகளுக்கு வெளிர் விளிம்பு. அலகும் காலும் கறுப்பாகத்தான் தெரிந்தன.

குரல் கேட்டது. சின்னச் சீழ்க்கை, இரண்டு அசை, கடைசியில் கீழே இறங்குகிறது. கைப்பேசியில் பதிந்திருக்கிறேன், காற்றுச் சத்தம் அதிகம். படத்தில் ஒன்றுதான் தேறியது, அதிலும் பாதி உடலை இலை மறைக்கிறது. இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

இந்தச் சமவெளியில் குளிர்காலத்தில் நாம் பார்ப்பது பச்சை இலைக் கதிர்க்குருவி. அதுவும் மே முதல் வாரத்துக்குள் போய்விடும். ஜூனில் இரட்டைப் பட்டையோடு ஒன்று இங்கே என்ன செய்கிறது? ஹியூம் இலைக் கதிர்க்குருவியா, மஞ்சள்புருவ இலைக் கதிர்க்குருவியா? இரண்டுமே இங்கே வரக்கூடாதவை. இடத்தின் பெயரைப் பொதுவில் எழுதவில்லை. அதே மரங்களில் உள்ளூர்ப் பறவைகள் கூட்டில் குஞ்சு வைத்திருக்கின்றன.

நாணல்புதர் எழுதியது:

குறிப்பு நன்றாக இருக்கிறது. ஆனாலும் முதலில் பக்கத்து வீட்டுக்காரர்களை விலக்கிவிட்டுத்தான் தூரத்து விருந்தாளியைப் பற்றிப் பேச வேண்டும். ஜூனில், வேலமரத்தில், சிறகில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் என்றால் என் மனதில் முதலில் வருவது மாம்பழச்சிட்டு. பெண்ணும் இளம்பறவையும் வெளிறிப்போய், பச்சையும் மஞ்சளுமாக, இதே இலைகளுக்குள் இதே வேலையைத்தான் செய்யும். இப்போது அவற்றுக்குக் குஞ்சு பொரிக்கும் காலமும்கூட. படத்தில் அலகு மறைந்திருக்கிறது. அதை விலக்கிய பிறகு மேலே பேசலாம்.

ஏரிக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி, அண்ணா. அதே மரத்தில் ஒரு மாம்பழச்சிட்டும் இருந்தது. ஒரு நேரத்தில் இரண்டும் ஒரு கை தூரத்தில் இருந்தன. மாம்பழச்சிட்டு கனமாக, நிதானமாக, தடித்த அலகோடு கிளையில் உட்கார்ந்து பார்க்கிறது. இது அதில் முக்கால்வாசி கூட இல்லை, அலகு ஊசி மாதிரி. மாம்பழச்சிட்டுக்குப் புருவக்கோடும் கிடையாது.

நாணல்புதர் எழுதியது:

அருகருகே பார்த்திருந்தால் அதை விட்டுவிடுகிறேன். பச்சை இலைக் கதிர்க்குருவி பாக்கி. அதற்கு வழக்கமாக ஒரு பட்டை, புது இறகாக இருந்தால் மேலே இன்னொன்றும் லேசாகத் தெரியும். ஆனால் ஜூனில் இறகு தேய்ந்திருக்கும், பட்டை குறையுமே தவிரக் கூடாது. உள்சிறகின் வெளிர் விளிம்பும் அதற்கு இராது. இந்தப் பாதி எனக்கு ஒத்துக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. மீதிப் பாதி குரலில்தான்.

கூர்செவி எழுதியது:

பதிவைக் கேட்டேன், ஒலி வரைபடமாகவும் போட்டுப் பார்த்தேன். இந்த இரண்டு இனங்களையும் கண்ணால் பிரிப்பதைவிடக் காதால் பிரிப்பது எளிது. பல காலம் இரண்டையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள், பிறகு பிரித்ததில் குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. மஞ்சள்புருவக் குருவியின் அழைப்பு மெல்லிய, கூரிய 'ச்சூ-ஈஸ்ட்'. முடியும்போது மேலே ஏறும். ஹியூமின் அழைப்பு 'வி-சூ' போல, கொஞ்சம் தடித்தது, முடியும்போது இறங்கும். பச்சை இலைக் கதிர்க்குருவியும் இரண்டு அசையில்தான் கூப்பிடும், ஆனால் அது வாலாட்டிக் குருவியை நினைவுபடுத்தும் ஓசை. கேட்டுப் பழகியவர்கள் ஏமாற மாட்டார்கள்.

இந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கும் அழைப்புகள் எல்லாமே இறங்குகின்றன. வரைபடத்தில் ஒவ்வொன்றும் வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கும் கோடு. ஒரே ஓர் அழைப்பை வைத்து முடிவு சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் எந்தப் பறவையும் எப்போதாவது வழக்கத்துக்கு மாறாக ஒரு ஓசை எழுப்பும். தொடர்ந்து ஒரே மாதிரி வருவதால் நான் ஹியூம் பக்கம். கறுத்த அலகும் காலும், மங்கிய மேல்பட்டையும், பச்சை குறைந்த சாம்பல் முதுகும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. மஞ்சள்புருவம் என்றால் கால் வெளிறியிருக்கும், கீழ் அலகின் அடி ஆரஞ்சு சாயலில் இருக்கும், மேல்பட்டையும் பளிச்சென்று தெரியும்.

ஒரு வேண்டுகோள். கைப்பேசிச் செயலி என்ன பெயர் சொன்னது என்று யாரும் இங்கே எழுத வேண்டாம். செயலி ஒரு பெயரைச் சொன்னால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். பதிவே கையில் இருக்கும்போது அதையே கேட்கலாம்.

புதியபார்வை எழுதியது:

நான் இந்த ஆண்டுதான் பறவை பார்க்கத் தொடங்கியவன். ஒரு அடிப்படைக் கேள்வி. ஆறேழு கிராம் எடையுள்ள பறவை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தன் இனம் போகாத இடத்துக்கு எப்படி வந்து சேரும்? காற்று தள்ளிவிட்டதா? கூட்டத்தைத் தவறவிட்டதா?

வளையக்காரர் எழுதியது:

தம்பி, கூட்டமே கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். இலைக் கதிர்க்குருவிகள் இரவில் தனித்தனியாகப் பறப்பவை. அந்த ஆண்டு பொரிந்த குஞ்சுக்கு முதல் பயணத்தில் தாய் தகப்பன் யாரும் வழிகாட்டுவதில்லை. எந்தத் திசையில், ஏறக்குறைய எத்தனை நாள் பறக்க வேண்டும் என்பது பிறப்பிலேயே வந்துவிடுகிறது. நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம், மறையும் சூரியனின் வெளிச்சம் எல்லாம் அந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளக் கருவிகள்.

இதைக் கதையாகச் சொல்லவில்லை, கூண்டிலேயே நிரூபித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் கருந்தலைக் கதிர்க்குருவி என்று ஒன்று. மத்திய ஐரோப்பாவில் வாழ்பவை குளிர்காலத்தில் தென்மேற்கே, மத்தியதரைக்கடல் பக்கம் போவதுதான் வழக்கம். 1960களில் இருந்து குளிர்காலத்தில் பிரிட்டனில் இவை அதிகமாகத் தென்பட ஆரம்பித்தன. ஜெர்மனியில் பீட்டர் பெர்தோல்டின் குழு அப்படிப்பட்ட பறவைகளைப் பிரிட்டனில் பிடித்துக் கூண்டில் இனம்பெருக்க வைத்தது. பெற்றோர் சென்ற வழியை ஒருபோதும் பார்த்திராத அந்தக் குஞ்சுகள், வலசைக் காலம் வந்ததும் கூண்டுக்குள் மேற்கு வடமேற்கை நோக்கியே துடித்தன. 1992-இல் வெளிவந்தது அந்த ஆய்வு. அதற்கு முன்னால் ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக், தென்மேற்கே போகும் கருந்தலைகளையும் தென்கிழக்கே போகும் கருந்தலைகளையும் கலப்பினம் செய்து பார்த்தார். பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு திசையைப் பிடித்தன. அப்பன் திசையும் ஆத்தாள் திசையும் கலந்து மூன்றாவதாக ஒரு திசை.

எனவே ஒரு குஞ்சுக்குப் பிறப்பிலேயே திசை கொஞ்சம் மாறிவிட்டால், அது வழி தெரியாமல் அலைவதில்லை. உறுதியாக, நேராக, தவறான இடத்துக்குப் பறக்கும். யூரலுக்குக் கிழக்கே சைபீரியக் காடுகளில் பிறந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய மஞ்சள்புருவக் குருவிகள், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மேற்கு ஐரோப்பாவின் கடற்கரைகளில் வந்து இறங்குகின்றன. ஒன்றிரண்டாக இருந்தவை இன்று ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டன. கதிர்க்குருவி இல்லை என்றாலும் ரிச்சர்டு நெட்டைக்காலி இன்னும் ஒரு படி மேலே. 2021-இல் வந்த ஆய்வு, சைபீரியாவில் இருந்து தெற்கு பிரான்சுக்கு வந்தவை திரும்பப் போய் மறு ஆண்டும் அங்கேயே வருவதைக் காட்டியது. ஒரு காலத்தில் வழிதவறல் என்று எழுதியது இப்போது ஒரு வழியாகவே ஆகிக்கொண்டிருக்கிறது.

காற்றுக்கும் பங்கு உண்டு, கடலோரத்தில் அதிகம். காந்தப்புலக் கலக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. வட அமெரிக்காவில் 1960 முதல் 2019 வரை பிடித்து, அடையாளத்துக்குக் காலில் வளையமிட்ட பறவைகளின் பதிவுகளை வைத்து 2023-இல் வந்த ஆய்வில், காந்தப்புலம் கலங்கிய நாட்களை ஒட்டி, இலையுதிர்காலத்தில் குறிப்பாக, எல்லை மீறிய பறவைகள் கூடுவது தெரிந்தது.

ஆனால் இது எல்லாம் 'எப்படி இங்கே' என்பதற்குத்தான் பதில். 'எப்படி இப்போது' என்பது வேறு கேள்வி. இந்த இழையில் இரண்டையும் ஒன்றாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். ஹியூம் குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் துணைக்கண்டத்தின் வடக்கிலும் நடுவிலும். அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் இறங்குவது பெரிய விஷயம் இல்லை. ஜூனில் அது மத்திய ஆசிய மலைகளிலோ மேற்கு இமயத்திலோ கூட்டில் இருக்க வேண்டும். அங்கே போகாமல் இங்கே இருக்கிறதே, அதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. ஏரிக்கரை, அடுத்த முறை பார்த்தால் சிறகு நுனியைப் பாருங்கள். இரண்டு சிறகும் ஒரே நீளமா?

பழையஏடு எழுதியது:

ஹியூம் என்ற பெயர் வந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆலன் ஆக்டேவியன் ஹியூம், காங்கிரஸ் 1885-இல் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர், அவரேதான். 1867-இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் அவர் ஒரு நாணல் கதிர்க்குருவியைச் சேகரித்தார். அலகு வழக்கத்தைவிடப் பெரியது. அப்புறம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரே ஒரு பாடம் செய்த உடல்தான் பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி என்ற இனத்துக்குச் சான்று. பிளித் நாணல் கதிர்க்குருவி என்ற இன்னோர் இனத்தில் ஏதோ ஒரு விசித்திரம் என்று ஒதுக்கவும் செய்தார்கள். 2002-இல் மரபணுவைப் பார்த்து, தனி இனம்தான் என்றார்கள். 2006 மார்ச்சில் தாய்லாந்தில் வளையமிடும் வலையில் உயிரோடு ஒன்று சிக்கியது. பிடித்தவர் பிலிப் ரவுண்ட். அலகும் சிறகும் பொருந்தவில்லை என்று பட்டதும் அளந்து, படமெடுத்து, இறகை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் அருங்காட்சியக இழுப்பறைகளில் தப்பான பெயர்ச்சீட்டோடு கிடந்த உடல்களும் வெளியே வந்தன. சில ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் அவை இனப்பெருக்கம் செய்யும் இடமே தெரிந்தது.

'இங்கே வரக்கூடாது' என்று நாம் எழுதும் பல இடங்களில், யாரும் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி விசித்திரமான பறவையே இல்லை. அளந்து பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

நாணல்புதர் எழுதியது:

ஐயா சொல்வதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றி 1892க்கும் 1930க்கும் இடையே நம்ப முடியாத அளவு அபூர்வப் பறவைகள் பதிவாயின. 1962-இல் அந்தப் பதிவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்து, ஒட்டுமொத்தமாக நீக்கினார்கள். சில இனங்கள் பிரிட்டன் பட்டியலில் இருந்தே போயின. பின்னாளில் அவற்றில் பல இனங்கள் உண்மையிலேயே அந்நாட்டுக்கு வந்து நல்ல சான்றோடு பதிவாயின. பறவை வருமா வராதா என்பதில் அல்ல, சான்றில்தான் கோளாறு இருந்தது.

எனவே என் கருத்து இது. இப்போதைக்கு இதை 'ஹியூம் அல்லது மஞ்சள்புருவ இலைக் கதிர்க்குருவி' என்றே பதிவு செய்யலாம். பறவைப் பதிவுகளை ஏற்றும் இபேர்டு இணையதளத்தில் அப்படி இரட்டைப் பெயராகவே ஒரு வகை இருக்கிறது. ஒருவர் பார்த்தது, ஒரு படம், காற்றோடு கலந்த ஒலி. நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாத மாதிரி இருக்க வேண்டும்.

கூர்செவி எழுதியது:

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குரல் தெளிவாக இருக்கும்போது இரட்டைப் பெயர் போடுவது கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். இந்த இரண்டு இனத்துக்கும் படத்தைவிட ஒலிதான் வலுவான சான்று. படம் பிரமாதமாக இருந்து குரல் இல்லாமல் போயிருந்தால், அப்போது நானே இரட்டைப் பெயர் போடச் சொல்லியிருப்பேன்.

சரிபார்ப்பு எழுதியது:

நான் பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையைத் தன்னார்வமாகச் செய்கிறேன், அந்த நாற்காலியில் இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். காலமும் எல்லையும் தாண்டிய பறவை என்றால் பதிவு தானாகவே தனியே நின்றுவிடும். அதைப் பார்த்து யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. அப்போது எனக்கு வேண்டியது பெயர் இல்லை, விவரம். 'புத்தகத்தில் உள்ள மாதிரியே இருந்தது' என்று எழுதினால் எனக்கு எதுவும் கிடைக்காது. ஏரிக்கரை எழுதிய முதல் பத்தி மாதிரி, பார்த்த வரிசையில், பார்க்காததையும் பார்க்கவில்லை என்றே எழுதினால் அதில் பிடி கிடைக்கும். 'மஞ்சள் சாயல் என் கண்ணில் படவில்லை' என்ற ஒரு வரி எனக்கு நிறைய உதவும். எந்தெந்த இனங்களை, எந்தக் காரணத்தால் விலக்கினோம் என்பதும் வேண்டும். மாம்பழச்சிட்டைப் பற்றி நாணல்புதர் கேட்டு வாங்கிய பதில் அப்படியே பதிவுக்குள் போக வேண்டும்.

ஒலிப்பதிவை வெட்டாமல், இரைச்சலை நீக்காமல், முழுதாக ஏற்றுங்கள். மெருகேற்றிய பதிவில் அழைப்பின் முனை சிதைந்துவிடும், இங்கே முனைதான் எல்லாமே.

முக்கியமாக ஒன்று. அந்தக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு யாரும் அதை வரவழைக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் தனியாக, இரை தேடிப் பிழைத்துக்கொண்டிருக்கும் பறவை அது.

ஏரிக்கரை எழுதியது:

மறுநாள் விடியலில் போனேன். கூர்செவி அக்காவும் தன் மைக்கோடு வந்தார், வேறு யாரையும் அழைக்கவில்லை. அதே மரவரிசை. காற்று இல்லை, பதிவு சுத்தமாக வந்திருக்கிறது. எல்லா அழைப்பும் இறங்குபவை. வெயில் நேராக விழுந்தபோது கால் கறுப்பு, அலகு முழுக்கக் கறுப்பு. அக்கா எடுத்த படங்களில் அலகின் அடி வரை தெரிகிறது.

வளையக்காரர் ஐயா கேட்டது சரியாகப் போயிற்று. வலது சிறகின் வெளிப்புறப் பெரிய இறகுகள் குட்டை. மடித்தபோது இடது சிறகின் நுனி நீண்டு நிற்கிறது, வலது பாதியிலேயே நின்றுவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கினால் இறகுகள் வேரோடு விழுந்த மாதிரி இல்லை, நடுவில் ஒடிந்த அடிக்கட்டைகள் தெரிகின்றன. மரத்துக்கு மரம் பறக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகிறது.

வளையக்காரர் எழுதியது:

அப்படியானால் காலக் கேள்விக்குப் பதில் அந்தச் சிறகில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இறகு வேரோடு பிடுங்கப்பட்டால் சில வாரங்களில் புதிது முளைத்துவிடும். ஒடிந்தால் அப்படி இல்லை. அடிக்கட்டை தோலுக்குள் இருக்கும்வரை புதிது முளைக்காது, அடுத்த இறகுதிர்ப்புவரை காத்திருக்க வேண்டும். கிளைக்குக் கிளை தாவ இந்தச் சிறகு போதும். இமயம் வரை இரவு இரவாகப் பறக்கப் போதாது. வலசைக்கு முன் உடம்பில் கொழுப்பும் ஏற வேண்டும். கையில் பிடித்து நெஞ்சு இறகை ஊதினால் கழுத்துக்குழியில் மஞ்சளாகத் தெரியும், வளையமிடுபவர்கள் அதைத்தான் மதிப்பெண் போட்டுக் குறிப்பார்கள். இதைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக இரை தேடுகிறது, விட்டுவிடுங்கள்.

இதில் இருந்து இன்னொன்றும் வருகிறது. இது ஜூனில் வந்த பறவை இல்லை. போன குளிர்காலத்திலேயே இங்கே இருந்திருக்க வேண்டும், பச்சை இலைக் கதிர்க்குருவிகளின் நடுவே. அப்போது யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். மற்றவை போனதால்தான் இது தனித்துக் கண்ணில் பட்டது.

நாணல்புதர் எழுதியது:

புதிய பதிவைக் கேட்டேன், படத்தையும் பார்த்தேன். இரட்டைப் பெயர் இனி தேவையில்லை. ஹியூம் என்றே போடுங்கள், ஒடிந்த சிறகைப் பற்றியும் எழுதுங்கள். வளையக்காரர் சொன்னது சரியென்றால் நாம் தேட வேண்டியது அடுத்த ஜூனில் அல்ல, டிசம்பரில்.

கூர்செவி எழுதியது:

அதற்கு டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த ஏரிப் பக்கம் போன நவம்பர் முதல் மார்ச் வரை யாராவது எதற்காகவாவது ஒலி பதிந்திருந்தால் அனுப்புங்கள். தவளைக்காகப் பதிந்ததாக இருந்தாலும் சரி. பின்னணியில் என்ன கேட்கிறது என்று பார்க்கிறேன்.

புதியபார்வை எழுதியது:

ஜனவரியில் குக்குறுவான் குரலுக்காக நான் பதிந்தவை இரண்டு இருக்கின்றன. அதே கரைதான். இப்போது ஏற்றியிருக்கிறேன்.

கூர்செவி எழுதியது:

இரண்டாவது பதிவின் நடுவில், குக்குறுவானுக்கு அடியில், ஒரே ஓர் அழைப்பு இருக்கிறது. இறங்குகிறது. ஆனால் பாதிக்கு மேல் மறைந்திருக்கிறது, முன்னும் பின்னும் வேறு எதுவும் இல்லை. இதை வைத்துப் பதிவு போடச் சொல்ல மாட்டேன். தம்பி, அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வேறு யாரிடமும் பதிவு இருந்தால் வெட்டாமல் அனுப்புங்கள்.